இரண்டாமிடத்தின் கணக்கு: ரேமோன் புலிடோரின் ஓட்டவாழ்வு பற்றி ஒரு மறுவாசிப்பு

1. கேள்வி

பிரெஞ்சுச் சைக்கிளோட்ட வீரர் ரேமோன் புலிடோர் 1962க்கும் 1976க்கும் இடையில் டூர் டி பிரான்ஸ் போட்டியில் 14 தடவை கலந்துகொண்டார். அவற்றில் எட்டுத் தடவை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். இந்த எட்டை இன்றுவரை எவரும் தாண்டவில்லை. ஆனால் டூரை அவர் ஒருமுறையும் வென்றதில்லை. மொத்த நேரத்தில் முன்னணியில் நிற்பவர் அணியும் மஞ்சள் மேலாடை ஒரு நாள்கூட அவர் உடம்பில் ஏறியதில்லை. 'நிரந்தர இரண்டாமவர்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. தேர்தலில் திரும்பத் திரும்பத் தோற்கும் அரசியல்வாதியைக்கூடப் 'புலிடோர்' என்று அழைக்கும் வழக்கம் பிரான்சில் உண்டு.

இவ்வளவு தோற்றவரைத்தான் அந்நாட்டு மக்கள் மிக அதிகமாக நேசித்தார்கள். ஐந்து முறை டூரை வென்ற ஜாக் ஆங்கெத்தில் அவர் காலத்தவர், அவருடைய நேர் எதிரி. வெற்றிகள் ஆங்கெத்திலிடம் குவிந்தன. தெருவோரத்துக் கைதட்டல் புலிடோருக்குப் போனது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. ஒன்று, அவர் அதிர்ஷ்டம் கெட்டவர், மக்கள் இரக்கப்பட்டார்கள் என்பது. மற்றது, அவர் மறைந்துகொண்டிருந்த குடியானவப் பிரான்சின் முகம், ஆங்கெத்திலோ வந்துகொண்டிருந்த நவீன பிரான்சின் முகம் என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் சேர்ந்து அந்த மனிதரின் 18 பருவகால உழைப்பை மறைத்துவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒருவர் எப்படித் தோற்றார் என்பதைச் சான்றுகளோடு பார்க்காமல், அவர் தோற்கப் பிறந்தவர் என்று அன்போடு சொல்வதும் ஒருவகை அநியாயம்தான்.

இதை இலங்கையின் தோட்டப் பகுதியான தெரணியகலையில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து மக்களைப் பற்றி வெளியார் எழுதியவற்றில் பொறுமை, விசுவாசம், கள்ளங்கபடமின்மை ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வரும். புலிடோரைப் பற்றிய எழுத்திலும் இதே சொற்கள் வருகின்றன. கொழுந்து குறித்த கிலோவுக்குச் சற்றுக் குறைந்தால் செக்றோல் என்ற வேலைப்பதிவில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழும். அன்று பெய்த மழையும், மலை ஏறிய தூரமும், அந்த நிரையில் கொழுந்தே இல்லாதிருந்ததும் அந்தப் புத்தகத்தில் இராது. புலிடோரின் பெயரும் வரலாற்றில் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவைத் திறந்து, விடுபட்டதைச் சேர்த்து வாசிப்பதே இங்கு செய்யப்படும் முயற்சி.

2. வாரக்குடி வீட்டுப் பிள்ளை

புலிடோர் 1936 ஏப்ரல் 15ஆம் திகதி, பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள க்ரூஸ் மாவட்டத்தில், மாஸ்பரோ-மெரிஞா என்ற சிற்றூரில் பிறந்தார். லிமூசின் வட்டாரத்தைச் சேர்ந்த மேட்டுநிலம் அது. மண் வளம் குறைவு. அந்த மாவட்டத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பரிஸ் நகருக்குக் கொத்தனார் வேலைக்குப் போய்வந்தவர்கள். புலிடோரின் பெற்றோர் வாரக்குடிகள். நிலம் வேறொருவருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சல் பங்கு பிரிக்கப்படும். பிள்ளைகளும் வயலில் இறங்கினால்தான் குடும்பம் நடக்கும். புலிடோரும் பள்ளியை விட்டதும் வயலுக்கே போனார்.

போருக்குப் பிந்திய 1946ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் நிலவுடைமையாளருக்குச் சேரும் பங்கை மூன்றில் ஒன்றாகக் குறைத்தது. நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய நிகழ்வு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். சப்ரகமுவவின் சிங்களக் கிராமங்களில் அந்தே முறையில் வயல் செய்த குடியானவர்களின் வாரத்தைக் கட்டுப்படுத்த அது முயன்றது. அதைக் கொண்டுவந்த பிலிப் குணவர்தன அவிசாவளைக்கு அருகே பொரலுகொடவைச் சேர்ந்தவர். தோட்டத் தொழிலாளி அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. அவருக்குப் பங்கு கிடையாது, நாட்சம்பளம்தான். ஆகவே புலிடோரின் வீட்டை லயத்து வீட்டோடு ஒன்றாக்கிப் பேசுவது பிழை. எப்போது உழுவது, எதை விதைப்பது என்று தீர்மானிக்கும் சிறு இடம் வாரக்குடிக்கு இருந்தது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால், எல்லா உழைப்பாளரும் ஒரே மாதிரி என்ற மங்கலான பாசத்தில்தான் போய் முடியும்.

புலிடோரின் வாழ்வில் பலரும் கவனியாத ஒரு விடயம் அவர் தொழிலுக்கு வந்த வயது. கட்டாய இராணுவ சேவைக்காலத்தில் அவர் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து மெர்சியே அணியில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தது 1960இல், வயது 24ஐத் தொடும்போது. அவரைவிட இரண்டு வயதே மூத்த ஆங்கெத்தில் 1953இல், 19 வயதிலேயே, ஒவ்வொருவராகத் தனியே நேரத்தை எதிர்த்து ஓடும் தனிநேர ஓட்டங்களில் பெரியதான கிராண்ட் பிரி தே நாசியோனை வென்றுவிட்டார். 1956இல் ஒரு மணிநேரத் தூரச் சாதனையை முறியடித்தார். 1957இல் முதல் டூரை வென்றார். புலிடோர் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது ஆங்கெத்தில் தேர்ந்த வித்தைக்காரராக, தனக்கென ஓர் அணியும் தந்திரமும் உடையவராக இருந்தார். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஒப்பிடுவோர் இந்த ஏழு ஆண்டு இடைவெளியைச் சொல்வதில்லை.

வந்த இரண்டாம் ஆண்டே, 1961இல், புலிடோர் மிலான்–சான்ரெமோ ஓட்டத்தை வென்றார். ஒரே நாளில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் ஓடவேண்டிய பெரும் போட்டி அது. அதே ஆண்டு பிரெஞ்சு தேசிய சாம்பியனும் ஆனார். ஆனால் அந்த ஆண்டு டூருக்குப் போகவில்லை. அப்போது டூர் தேசிய அணிகளாக ஓடப்பட்டது. பிரெஞ்சு அணியில் போனால் ஆங்கெத்திலுக்குக் கீழ் வேலை செய்ய வேண்டியிருக்கும். மெர்சியே அணியின் நெறியாளரும் முன்னாள் டூர் வெற்றியாளருமான அன்தொனான் மாஞ் அதை விரும்பவில்லை. 1962இல் நிறுவன அணிகள் திரும்பவும் வந்த பிறகே புலிடோர் டூரில் இறங்கினார். இடக்கையில் மாவுக்கட்டோடு தொடங்கி மூன்றாமிடத்தில் முடித்தார்.

3. 1964: ஐம்பத்தைந்து விநாடிகள்

'இரண்டாமவர்' என்ற பெயர் உறுதியானது 1964இல். அந்த ஆண்டின் படம் ஒன்று பிரெஞ்சு விளையாட்டு வரலாற்றிலேயே மிகப் பெயர்பெற்ற புகைப்படங்களுள் அடங்கும். ஜூலை 12, புய் து தோம் என்ற அணைந்த எரிமலையின் மேல் ஏறும் பாதை. அதன் கடைசி ஐந்து கிலோமீட்டர் நெடுக ஏற்றம் விடாது. மனிதச் சுவருக்கு நடுவே இரண்டு பேர் தோளோடு தோள் உரச மிதிக்கிறார்கள். மலைப்பக்கமாக ஆங்கெத்தில், வெளிப்பக்கமாகப் புலிடோர். ஒருவர் முழங்கை மற்றவர் முழங்கையில் முட்டுகிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் மாலிபொடைப் பக்கம் ஏறும் பாதையில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், அந்தமாதிரி ஏற்றத்தில் பக்கத்தில் வருபவன் மூச்சு வாங்குவது கேட்டாலே நம் கால் எப்படி நடந்துகொள்ளும் என்று. ஆங்கெத்தில் அதைத்தான் செய்தார். பின்னால் ஒட்டிக்கொள்ளாமல், தன்னிடம் பலம் மீதி இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பக்கத்திலேயே வந்தார். சிகரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவர் பின்தங்கினார். அந்தச் சிறு தூரத்திலேயே புலிடோர் 42 விநாடி எடுத்தார். மஞ்சள் மேலாடை ஆங்கெத்திலிடமே தங்கியது, வெறும் 14 விநாடி வித்தியாசத்தில்.

இறுதி நாள் வெர்சாயிலிருந்து பரிஸ் நகருக்குத் தனிநேர ஓட்டம். அதில் ஆங்கெத்தில் புலிடோரைவிட 21 விநாடி வேகமாக ஓடி, கட்டத்தை வென்றதற்கு 20 விநாடி போனசும் பெற்றார். 14, 21, 20 சேர்ந்து 55. நான்காயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு இருவரையும் பிரித்தது இந்த 55 விநாடிதான். அதில் 20 விநாடி சாலையில் ஓடி எடுத்ததல்ல, விதிப்புத்தகம் கொடுத்தது.

படம் புய் து தோமைக் காட்டுவதால் தோல்வி அங்கே நடந்ததாக நினைக்கிறோம். கணக்கைப் பின்னோக்கி எடுத்தால் வேறு இடங்கள் தெரிகின்றன.

ஒன்பதாம் கட்டம், பிரியான்சோனிலிருந்து மொனாக்கோ வரை. மைதானத்து வட்டப்பாதையில் கோட்டை முதலில் கடந்தவர் புலிடோர். ஓட்டம் முடிந்ததென்று நினைத்து நிறுத்தினார், இன்னும் ஒரு சுற்று இருந்தது. கட்டத்தை வென்றவருக்கு ஒரு நிமிட போனஸ். அதை ஆங்கெத்தில் எடுத்துக்கொண்டார். 55 விநாடியில் தீர்ந்த போட்டியில் ஒரு நிமிடம் இங்கே போயிற்று. இது துரதிர்ஷ்டம் ஆகாது. எத்தனை சுற்று என்று ஓட்டவீரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் அணி சொல்லியிருக்க வேண்டும்.

பதினான்காம் கட்டம், அன்டோராவிலிருந்து துலூஸ் வரை. முந்தின நாள் ஓய்வுநாள். ஆங்கெத்தில் சுட்ட ஆட்டிறைச்சி விருந்துக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டிருந்தார். அவருக்கு இந்த டூரில் கேடு வரும் என்று ஒரு சோதிடர் பத்திரிகையில் சொல்லியிருந்ததும் அவர் மனத்தைக் கலக்கியிருந்தது. காலையிலேயே வந்த என்வலிரா கணவாய் ஏற்றத்தில் அவர் பல நிமிடங்கள் பின்தங்கினார். டூர் அங்கேயே புலிடோர் கைக்கு வந்திருக்கலாம். ஆங்கெத்தில் மூடுபனிக்குள் உயிரைப் பணயம் வைத்து இறங்கி, முன்னால் போனவர்களை எட்டிப்பிடித்தார். துலூஸை நெருங்கும்போது புலிடோரின் சக்கரத்தில் கம்பி முறிந்தது. சைக்கிளை மாற்றி ஏறியவரை இயந்திரப் பணியாளர் தள்ளிவிட, அவர் சாய்ந்து விழுந்தார். இரண்டரை நிமிடத்துக்கு மேல் இழப்பு. மறுநாள் லூஷோனுக்குப் போகும் மலைக்கட்டத்தைத் தனியே வென்று இழந்ததில் பெரும்பகுதியை மீட்டார். இரண்டாமிடத்துக்கு ஒப்புக்கொண்ட மனிதர் அப்படி ஓடமாட்டார்.

பிறகு பாயோன் தனிநேர ஓட்டம். அங்கும் புலிடோருக்கு டயர் காற்றுப்போயிற்று, அங்கும் சைக்கிள் மாற்றுவதில் குழப்பம். அந்த டூரின் மூன்று தனிநேர ஓட்டங்களையும் ஆங்கெத்திலே வென்றார். புய் து தோமிலும் ஒரு நுட்பம் உண்டு. அன்று முதலிரு இடங்களில் வந்தவர்கள் ஸ்பானியர்களான ஹூலியோ ஹிமெனெசும் பெடரிகோ பாஹமொண்டசும். போனஸ் அவர்களுக்குப் போய்விட்டது, மூன்றாவதாக வந்த புலிடோருக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் முன்னால் போனது ஆங்கெத்திலுக்குச் சாதகமாயிற்று. பொருத்தமான பற்சக்கரம் இல்லாமல் அந்த மலையை ஏறியதாகப் புலிடோரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போட்டிக்கு முன் போய்ப் பாதையைப் பார்த்து, ஏற்றத்துக்கேற்ற பல்லைத் தெரிவு செய்வது இந்தத் தொழிலில் அரைவாசி வேலை.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 1964இல் புலிடோர் கால்பலத்தில் ஆங்கெத்திலுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தார் என்றே சொல்ல வேண்டும். அதே ஆண்டு மே மாதம் ஸ்பெயின் சுற்றோட்டமான வுவெல்தாவை அவர் வென்றிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவருக்குக் குறைந்தது ஒழுங்குபடுத்தலும் முன்னேற்பாடும். அவை பிறவிக்குணங்கள் அல்ல. ஓர் அணி கட்டித்தர வேண்டியவை. ஆங்கெத்திலுக்கு ரஃபாயேல் ஜெமினியானி என்ற கூர்மையான நெறியாளர் அதைக் கட்டித் தந்தார். மெர்சியேயில் அந்த அளவுக்கு அது நடக்கவில்லை.

4. 'அதிர்ஷ்டம் கெட்டவர்'

துரதிர்ஷ்டக் கதைக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 1968இல், வெல்லக்கூடிய நிலையில் இருந்தபோது, போட்டியோடு வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி விழுத்தியது. முகம் கிழிந்து, பின்னர் விலகினார். 1973இல் பைரனீஸ் மலையில் போர்த்தே தாஸ்பே இறக்கத்தில் பள்ளத்துக்குள் விழுந்து போட்டியை விட்டார். மஞ்சள் மேலாடைக்கும் அவருக்கும் நடுவே நின்றவை சில வேளைகளில் நம்பமுடியாத அளவு சிறியவை. 1967இல் டூரின் முதலாவது முன்னோட்டத் தனிநேர ஓட்டத்தில் ஆறு விநாடியில் இரண்டாவதானார். 1973 முன்னோட்டத்தில் ஜூப் ஸூட்டமெல்க் அவரை முந்தியது ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில்.

ஆனால் 1965 என்ன சொல்கிறது? ஆங்கெத்தில் அந்த டூருக்கு வரவில்லை. எல்லாரும் புலிடோர்தான் வெல்வார் என்றார்கள். மோன் வோந்தூ மலைக்கட்டத்தை வென்றார், ஒரு தனிநேர ஓட்டத்தையும் வென்றார். பட்டத்தை எடுத்தவர் 22 வயது இத்தாலியர் பெலிசே ஜிமோண்டி, தொழில்முறைக்கு அந்த ஆண்டுதான் வந்தவர். வித்தியாசம் 2 நிமிடம் 40 விநாடி. தொடக்க நாட்களில் கிடைத்த முன்னிலையை ஜிமோண்டி விடவில்லை. மலைத் தனிநேர ஓட்டத்திலும் கடைசித் தனிநேர ஓட்டத்திலும் அவரே முதலாவது. இங்கே கம்பி முறியவில்லை, மோட்டார் சைக்கிள் மோதவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஜிமோண்டி நன்றாக ஓடினார், புலிடோர் அவரைக் குறைத்து மதித்துக் காத்திருந்தார். துரதிர்ஷ்டக் கதையைச் சொல்பவர்கள் இந்த ஆண்டை வேகமாகக் கடந்துபோவார்கள். புலிடோருக்கு மரியாதை செய்ய விரும்பினால் கடக்கக்கூடாது. தோல்விக்குப் பொறுப்பேற்கும் தகுதியையும் ஒருவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அதேபோல் அவருடைய வெற்றிகளையும் கடக்கக்கூடாது. வாழ்நாளில் ஏறக்குறைய 190 வெற்றிகள் அவர் கணக்கில் உள்ளன. மிலான்–சான்ரெமோ, ஃப்ளெஷ் வலோன், வுவெல்தா, ஆங்கெத்திலின் சொந்த மைதானம் போல இருந்த கிராண்ட் பிரி தே நாசியோன், இரண்டு தடவை தோஃபினே, டூரில் ஏழு கட்டங்கள். 1972 பாரி–நீஸ் ஓட்டம் தனியே சொல்லத் தக்கது. எதிரில் உச்சத்தில் இருந்த எடி மெர்க்ஸ். கடைசி நாள் லா தூர்பி ஏற்றத்துத் தனிநேர ஓட்டம் தொடங்கும்போது மெர்க்ஸ் 16 விநாடி முன்னால் இருந்தார். அந்த ஒரு ஏற்றத்தில் புலிடோர் 22 விநாடி எடுத்து, ஆறு விநாடியில் முழுப்போட்டியையும் வென்றார். 36 வயதுக்குச் சில வாரங்களே இருந்தன. மறு ஆண்டும் அதே போட்டியில் அவரே முதல்வர். விநாடிகள் அவர் பக்கம் சாய்ந்த இந்த நாளின் படத்தைப் பாடநூலில் யாரும் போடுவதில்லை.

5. இரண்டு பிரான்ஸ்

சமூகவியல் விளக்கம் இதைவிடக் கனமானது. போர் முடிந்தபோது பிரெஞ்சு உழைப்பாளரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நிலத்தை நம்பியிருந்தார். 1970களின் நடுவில் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்குச் சுருங்கியது. சமூகவியலாளர் ஆன்ரி மோந்ராஸ் 1967இல் வெளியிட்ட நூல் குடியானவர் என்ற வகுப்பே முடிந்துபோவதைத் தலைப்பிலேயே அறிவித்தது. அதே ஆண்டுகளில் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. சிற்றூரை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர், ஜூலை மாதத்தில் தம் ஊர்ப்பேச்சின் சாயல் மாறாத ஒருவர் மலை ஏறுவதைத் திரையில் பார்த்தார். மிஷேல் வினோக் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்தக் காலத்தைப் பற்றிச் சிந்திக்கப் புலிடோரை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டது இயல்பானதே.

சிக்கல் ஆங்கெத்திலில் தொடங்குகிறது. அவர் நவீனத்தின் மகன் என்றால், எந்த நவீனம்? அவருடைய தந்தை நோர்மண்டியில் கொத்துவேலை செய்து, பிறகு ஸ்ட்ராபெரி பயிரிட்டவர். ஜாக் தானும் அந்த வயலில் குனிந்து பழம் பறித்த பிள்ளைதான். தொழிற்பள்ளியில் உலோகக் கடைசல் பழகினார். அதாவது இருவருமே மண்ணிலிருந்து வந்தவர்கள். ஒருவர் அதை உதறினார், கோட்டும் காரும் மாளிகையுமாக வாழ்ந்தார், ஊக்கமருந்து எடுப்பதை ஒளிக்காமல் சொன்னார், ஒவ்வொரு விநாடியையும் எண்ணிச் செலவழித்தார். மற்றவர் ஊரிலேயே தங்கினார், பேச்சை மாற்றவில்லை. பிறப்பு இருவரையும் பிரிக்கவில்லை. நடையும் பேச்சும், அவற்றைப் பார்த்தவர் எழுதிய எழுத்தும்தான் பிரித்தன. குடியானவர் மகன் முன்னேறத் துணிந்தால் அவன் குடியானவர் மகனாக எண்ணப்படமாட்டான் என்ற ஒரு கொடிய விதி இதற்குள் ஒளிந்திருக்கிறது. சைக்கிளோட்டம் தொடக்கத்திலிருந்தே உழைப்பாளிப் பிள்ளைகளின் விளையாட்டு. 1903இல் முதல் டூரை வென்ற மொரிஸ் காரென் புகைக்கூண்டு துப்புரவு செய்தவர். 1950களில் தொடர்ந்து மூன்று டூர் வென்ற லூயிசோன் போபே ரொட்டிக்கடைக்காரர் மகன். வென்ற இவர்களை யாரும் வர்க்கத்தின் உருவமாகப் பூசிக்கவில்லை. தோற்றவருக்கே அந்த இடம் ஒதுக்கப்பட்டது.

1964 என்ற ஆண்டு மலையகத்தில் வேறொன்றால் நினைவுகூரப்படுகிறது. புய் து தோம் ஓட்டம் நடந்து மூன்றரை மாதத்தில், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. எண்ணப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பிரான்ஸ் தன் குடியானவர்களை இழந்துகொண்டிருந்தபோது, அவர்களை நினைத்து உருகவும் ஒரு முகத்தைத் தேடவும் அதற்கு வசதி இருந்தது, ஏனென்றால் அவர்கள் அந்நாட்டின் குடிமக்கள் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. களனிப் பள்ளத்தாக்கின் றப்பர்க் காட்டிலிருந்து மன்னாருக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போன குடும்பங்களுக்கு அப்படி ஒரு ஏக்கத்தை நாடு ஒதுக்கவில்லை. ஒரு வகுப்பின் மறைவைப் பாசத்தோடு நினைவுகூர முடிவதுகூட அந்த வகுப்புக்கு இருக்கும் உரிமையைப் பொறுத்தது. 'இரண்டு பிரான்ஸ்' என்ற விளக்கத்தை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வாசிக்கும்போது முதலில் கண்ணில் படுவது இதுதான்.

6. அன்புக்கு ஒரு சந்தை

அக்காலத்து ஓட்டவீரரின் வருமானம் பெரும்பாலும் டூரில் கிடைக்கும் பரிசிலிருந்து வரவில்லை. டூர் முடிந்ததும் ஓகஸ்ட் மாதம் முழுக்கச் சிறுநகரங்களில் நடக்கும் சுற்றுவீதி ஓட்டங்களில் கலந்துகொள்ள ஊர் விழாக்குழுக்கள் பணம் கொடுக்கும். யாருடைய பெயரைச் சுவரொட்டியில் போட்டால் கூட்டம் வருமோ அவருக்கே அதிகம். இந்தச் சந்தையில் புலிடோருக்கு இருந்த மதிப்பு வெற்றியாளர்களுக்குச் சளைத்ததல்ல. தனக்கு எவ்வளவு கெடுதல் நேர்ந்ததோ அவ்வளவுக்கு மக்கள் நேசித்தார்கள், அவ்வளவுக்குப் பணமும் வந்தது என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கள்ளங்கபடமற்ற குடியானவர் என்ற படத்துக்கு இது பொருந்தாது. வாரக்குடி வீட்டில் வளர்ந்தவர் பங்குக்கணக்குத் தெரியாதவராக இருந்தால்தான் ஆச்சரியம். 1960இலிருந்து 1977 வரை ஒரே மெர்சியே பெயரோடு இருந்ததை விசுவாசம் என்பார்கள். தன் மதிப்பு எங்கே உறுதியாக நிற்கும் என்று அறிந்தவரின் தீர்மானமாகவும் அதைப் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பே சரியென்று படுகிறது.

ஆங்கெத்திலை இது உறுத்தியது. வென்றவர் தானாக இருக்க, வீதியில் சீழ்க்கை தனக்கும் கரகோசம் மற்றவருக்கும் என்பதை அவரால் செரிக்க முடியவில்லை. 1966 டூரில் தனக்கு வெல்ல வழியில்லை என்று கண்டதும், தன் அணியின் இளைஞர் லூசியன் எமாருக்கு உதவி, புலிடோரை மூன்றாமிடத்துக்குத் தள்ளிவிட்டே விலகிப்போனார்.    ஆயினும் ஆங்கெத்திலும் புலிடோரும் ஓய்வுபெற்ற பின் நெருங்கிய நண்பர்களானார்கள். 1987 நவம்பரில் ஆங்கெத்தில் புற்றுநோயால் இறக்கும்வரை அது நீடித்தது.

7. கடைசிப் பத்து ஆண்டுகள்

இந்தப் பகுதியைத்தான் புலிடோரைப் பற்றிய எழுத்து மிகவும் அலட்சியப்படுத்துகிறது. 1967இல் டூர் திரும்பவும் தேசிய அணிகளுக்கு மாறியது. மலைகளின் தொடக்கத்திலேயே விழுந்து நேரம் இழந்த புலிடோர், அதன் பிறகு தன் அணித்தோழர் ரொஜே பான்ஜோனுக்காக ஓடினார். மலையில் முன்னால் நின்று வேகம் கட்டினார், பள்ளத்தாக்கில் காற்றுக்கு முகம் கொடுத்தார். பான்ஜோன் வென்றார். புலிடோர் ஒன்பதாவது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கெத்திலுக்குக் கீழ் வேலை செய்வதைத் தவிர்ப்பதற்காக டூரையே விட்டவர், இப்போது தன்னைவிட இளையவருக்கு அதை முழுமனத்தோடு செய்தார். இது தோல்விகளின் பட்டியலில் ஒரு வரியாகவே எங்கும் வருகிறது. இந்தத் தொழிலின் உள்ளறிவு உடையவர்கள் அதை வேறுவிதமாக மதிப்பார்கள்.

1974இல், 38 வயதில், பைரனீஸில் பிளா தாதே சிகரத்தில் முடிந்த கட்டத்தில் மெர்க்ஸைப் பின்தள்ளி வென்றார். மொத்தத்தில் மெர்க்ஸுக்கு அடுத்த இடம். அடுத்த மாதம் மொன்றியலில் நடந்த உலக சாம்பியன் ஓட்டத்திலும் கடைசிவரை மெர்க்ஸோடு நின்றவர் அவர் ஒருவரே. ஓய்வுபெற்ற பின் பல ஆண்டுகள், மஞ்சள் மேலாடைக்கு நிதியளிக்கும் வங்கியின் பிரதிநிதியாக, மஞ்சள் சட்டையோடு டூரைப் பின்தொடர்ந்தார். 2019 நவம்பர் 13இல் தன் ஊர்ப்பக்கமான சான்-லெயோனார்-து-நொப்லாவில் காலமானார். மகள்வழிப் பேரன் மத்தியூ வான் டெர் பூல் 2021 டூரில் மஞ்சள் மேலாடையை ஆறு நாள் அணிந்தார். செய்தித்தாள்கள் அதைக் கடன் தீர்ந்ததாக எழுதின. புலிடோரின் வாழ்வில் அப்படித் தீர்க்கப்படவேண்டிய கடன் ஏதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய கடைசி டூர் 1976. நாற்பது வயது. லூசியன் வான் இம்ப் வென்றார், ஸூட்டமெல்க் இரண்டாவது, பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பின்தங்கிப் புலிடோர் மூன்றாவது. வெல்ல வாய்ப்பில்லை என்பது பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிட்ட போட்டி அது. நான்காவதாக வந்த ரேமோன் டெலில் அவரைவிட இளையவர், பைரனீஸில் மஞ்சள் மேலாடையையே அணிந்து நின்றவர். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒன்பது விநாடி. அந்த ஒன்பது விநாடியைப் புலிடோர் பரிஸ் வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.